கமலாவின் தோல்

கமலா ஆரஞ்சை உரிக்கும் முதல் நொடியிலேயே அதன் மணம் மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. அந்த மணம் சுளையில் இல்லை, தோலில் இருக்கிறது. நாமோ சுளையைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் கொட்டுகிறோம். கமலாவின் உண்மையான செல்வம் அதன் தோல்தான் என்பது என் உறுதியான கருத்து. சுளை அன்றைக்கே தீர்ந்துபோகும். பக்குவமாகக் காயவைத்த தோல் அடுத்த பருவம் வரை வீட்டில் வேலை செய்யும்.

தேசூரில் கமலா விளைவதில்லை. வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட எங்கள் நிலம் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் ஏற்றது. வீட்டுக்குள்ளே போனால் ஆரணிப் பட்டு நெய்யும் தறி. ஆனாலும் குளிர் தொடங்கியதும் கடைத்தெருத் தள்ளுவண்டிகளில் கமலா குவிந்துவிடும். பெரும்பாலும் நாக்பூர்ச் சரக்கு. நாக்பூரில் இதற்கு இரண்டு பட்டம். தையில் பூத்து ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வருவது ‘அம்பியா’. மழைக்காலத் தொடக்கத்தில் பூத்து மாசி, பங்குனியில் வருவது ‘மிருக்’. முதல் பட்டத்தில் புளிப்பு தூக்கலாக இருக்கும். இரண்டாம் பட்டத்தில் இனிப்பும் மணமும் சமமாகக் கூடியிருக்கும். எனக்கு மாசிப் பழமே உசத்தி.

குடகிலிருந்து வரும் கமலா வேறு குணம். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், சுளையோடு ஒட்டிய தோல், நாக்கில் நிற்கும் புளிப்பு. நம் பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களிலும் கமலா செழித்திருந்த காலம் உண்டு. ஒரு சிறு பூச்சி பரப்பிய பசுமை நோய் அந்த மரங்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் மலைக் கமலா எங்காவது கண்ணில் பட்டால் விலை கேட்காமல் வாங்குங்கள். பார்வைக்குச் சுமாராக இருக்கும். ஆனால் நகம் பட்டதும் அறை முழுக்க மணக்கும். பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் பஞ்சாப் கின்னோ கலிபோர்னியாவில் 1915-இல் இரண்டு வகைகளை மகரந்தம் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். சாறு நிறைய, விதையும் நிறைய. சாறு பிழிய அது போதும். தோலுக்கென்று நான் அதை வாங்குவதில்லை.

தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோலத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. பள்ளிக்கூடத்தில் தோலை மடித்து அடுத்தவன் கண்ணில் பீய்ச்சியவர்களுக்கும், பலூன்மேல் பிழிந்து வெடிக்க வைத்தவர்களுக்கும் அதன் வேகம் தெரியும். விளக்குச் சுடரருகே பிழிந்தால் பொறி பறக்கும். இந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின். அது சாத்துக்குடியிலும் எலுமிச்சையிலும் உண்டு. கமலாவைக் கமலாவாக்குவது, நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத வேறொரு பொருள். மெத்தில் என்-மெத்தில் ஆந்த்ரானிலேட் என்பது அதன் பெயர். பூவாசமும் திராட்சை வாசமும் கலந்த ஒரு கனத்தை அந்த எண்ணெய்க்குக் கொடுப்பது அதுதான். அதனால்தான் செம்மஞ்சளான கமலா எண்ணெயை வெளிச்சத்தில் சாய்த்தால் மேலே ஒரு நீலப் பூச்சு ஓடுகிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் பட்டு, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுவது போல.

இத்தாலியின் சிசிலித் தீவிலும் கலாப்ரியாவிலும் வாசனைத் திரவியத்துக்காக இந்த எண்ணெய் எடுக்கிறார்கள். தோலை வேகவைப்பதில்லை, பிழிந்துதான் எடுப்பார்கள். சூடு பட்டால் மணம் கெடும். முன்பு கையால் கடற்பஞ்சில் பிழிந்தார்கள், இப்போது இயந்திரம். காயில் எடுத்தது பச்சை, செங்காயில் எடுத்தது மஞ்சள், கனிந்ததில் எடுத்தது சிவப்பு என்று மூன்று தரம். பச்சையில் துவர்ப்பான கூர்மை, சிவப்பில் தித்திப்பு. அத்தர்போல நாள்முழுக்க நிற்கும் மணம் அல்ல இது. தெளித்ததும் முதலில் எழுந்து முதலில் போய்விடும். அந்த முதல் நிமிஷத்துக்காகவே வாசனைக் கலைஞர்கள் அதைத் தேடுகிறார்கள்.

அடுக்களைக்கு வருவோம். நாரத்தங்காய் ஊறுகாயையும் சுண்டைக்காய் வற்றலையும் கொண்டாடும் நமக்குக் கமலாத் தோலின் கசப்பு அந்நியமில்லை. தோல் குழம்புக்கு இரண்டு பழத்தின் தோல் போதும். உட்புற வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் பொடியாக நறுக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, தோலின் ஓரம் சுருளும் வரை வதக்கி, புளிக்கரைசல், மஞ்சள்தூள், குழம்பு மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் பிரியும்போது ஒரு துண்டு வெல்லம். வெல்லத்தில் கஞ்சத்தனம் கூடாது. அது கசப்பை மறைப்பதற்கல்ல, கசப்புக்குப் பின்னால் நிற்கும் மணத்தை முன்னே கொண்டுவருவதற்கு. அன்றைக்குச் சாப்பிடாதீர்கள். மறுநாள் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால்தான் இதன் அருமை புரியும்.

கமலா ரசத்தில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. சாற்றை அடுப்பில் கொதிக்க விடக்கூடாது. புளியைக் குறைத்துப் பருப்பு ரசம் வைத்து, இறக்கிய பிறகு ஒரு பழத்தின் சாற்றை ஊற்றி மூடிவிட வேண்டும். கொதித்தால் மணம் ஆவியாகிக் கசப்பு மட்டும் தங்கும். வங்காளிகளின் கமலாப் பாயசத்திலும் இதே கவனம் தேவை. பாலைச் சுண்டக் காய்ச்சி, முழுக்க ஆறிய பின்தான் தோலுரித்த சுளைகளைச் சேர்ப்பார்கள். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துவிடும்.

மீதித் தோலை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்து வெறும் சக்கைதான் மிஞ்சும். ஒடித்தால் படக்கென்று ஒடியும் பதம் வந்ததும் சீயக்காயோடு, பூலாங்கிழங்கு, வெந்தயம், ரோஜா இதழ் சேர்த்து அரைக்கலாம். பச்சைப்பயறோடு அரைத்தால் குளியல் பொடி. பட்டுப்புடவை அடுக்கும் பீரோவில் வசம்பு வைப்பது பழைய வழக்கம். நான் அதோடு கமலாத் தோலையும் பருத்தித் துணியில் முடிந்து வைக்கிறேன். திறக்கும்போதெல்லாம் இலேசான மணம். ஆனால் ஈரப்பதம் துளியும் கூடாது, முடிச்சு பட்டிலோ சரிகையிலோ படவும் கூடாது. பட்டில் எண்ணெய்க் கறை இறங்கினால் எளிதில் போகாது.

தோலின் மதிப்பைச் சீனர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். குவாங்டொங் மாநிலத்துச் சின்ஹுய் ஊரில் கமலாத் தோலை உலர்த்தி, குறைந்தது மூன்றாண்டு வைத்திருந்து, கருமை ஏறிய பிறகே மருந்துக்கும் சமையலுக்கும் எடுக்கிறார்கள். நாளாக நாளாக விலை ஏறுகிறது. ஜப்பானியரின் ஏழுவகை மிளகாய்ப் பொடியிலும் இந்தத் தோல் ஓர் அங்கம். சீனப் புத்தாண்டில் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அண்டைவீட்டுச் சீனரோடு ஜோடி ஜோடியாகக் கமலா கொடுத்து வாங்குகிறார்கள். அந்தத் தோலும் குழம்புக்கு ஆகும் என்பதை அவர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

இந்த மாசியில் கடைக்குப் போனால், மெழுகு பூசிய பளபளப்பை ஒதுக்கிவிட்டு, தோல் தளர்ந்து கைக்குக் கனமாக இருக்கும் பழமாகப் பொறுக்குங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவுங்கள். சுளையைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். தோலை முறத்தில் பரப்பி நிழலில் வையுங்கள்.