உலக்கைச் சத்தமும் சிம்பொனியும்

2025 ஜூலை 27. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவின் கடைசி நாள். பிரதமர் முன்னிலையில் இளையராஜா திருவாசகம் இசைத்தார். அதற்கப்புறம் ரெண்டு மூணு நாள் எனக்கு வந்த ஃபார்வர்டுகள் எல்லாம் ஒரே ரகம். ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் வருஷம், எவ்வளவு பெரிய கோயில், எவ்வளவு பெரிய இசை! பாட்டைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் 2005இல் வந்த 'திருவாசகம்' இசைத்தொகுப்பை மறுபடியும் உட்கார்ந்து கேட்டேன். மொத்தம் ஆறு பாடல்கள். வாசித்தது புடாபெஸ்ட் இசைக்குழு, ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ். வந்த நாளிலிருந்து புகழில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது சிவபுராணத்திலிருந்து எடுத்த அந்த நீளமான பாட்டுதான். வயலின்கள் எழும்பும்போது சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் இடத்தில் எனக்குப் பிடி நழுவுகிறது. தமிழில் ஒருத்தர் தன் ஆண்டவனிடம் தனியாக நின்று புலம்புகிறார். ஆங்கிலத்தில் மனித குலம் பொதுவாகத் தத்துவம் பேசுகிறது. புலம்பலுக்குக் கோனார் நோட்ஸ் எதற்கு?

என் கணக்கில் இந்தத் தொகுப்பின் உயிர் வேறு ரெண்டு பாடல்களில் இருக்கிறது: திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி.

பொற்சுண்ணம் என்பது வேறொன்றுமில்லை. சாமி நீராடுவதற்குப் பெண்கள் கூடி வாசனைப்பொடி இடிக்கும்போது பாடுகிற பாட்டு. ஒரே உரலில் ரெண்டு பேர் உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று இறங்கும்போது இன்னொன்று மேலே இருக்கும், மோதவே மோதாது. (ரெண்டு த்ரெட் ஒரே மெமரியில் லாக் இல்லாமல் எழுதுகிற மாதிரி. எங்கள் ஆபீஸில் இது இன்னும் கைகூடவில்லை.) அந்த ஒழுங்கைக் காப்பது பாட்டின் தாளம்தான். ஓதுவார்கள் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்தில் உருகிப் பாடுவார்கள். இளையராஜா அந்த வழியை விட்டுவிட்டு, இந்தப் பாட்டில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். குழுக் குரல்கள் சேரும்போது எனக்குக் கச்சேரி மேடை மறந்து வீட்டு முற்றம் ஞாபகத்துக்கு வருகிறது.

கோத்தும்பி இன்னும் சின்ன விஷயம். ஒரு வண்டிடம், "அங்கே இங்கே சுற்றாதே, அவன் காலடியில் போய் ஊது" என்று சொல்கிற விளையாட்டு. எழுதியவர் யார் என்று யோசித்தால்தான் வியப்பு வருகிறது. பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் மாணிக்கவாசகர், பொடி இடிக்கிற பெண்ணாகவும் வண்டோடு பேசுகிற பெண்ணாகவும் மாறிப் பாடுகிறார். அம்மானை, பூவல்லி, உந்தி, பொன்னூசல் என்று 51 பகுதிகளில் எத்தனை விளையாட்டுகள்! இதை விட்டுவிட்டுத் திருவாசகத்தை அழுகையும் உருக்கமுமாக மட்டும் கேட்டால் பாதி நூலைத் தூக்கிப் போட்ட மாதிரி.

கங்கைகொண்ட சோழபுரத்தையும் இப்படித்தான் பார்க்கிறோம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் என்றால் பதின்மூன்று அடி லிங்கம், நூறு மூட்டை அரிசி என்பதுதான் செய்தி. முடிந்ததும் கையில் விழும் அந்தப் பிடிச் சோற்றின் ருசியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் ராஜேந்திரன் தன் விமானத்தை அப்பா கட்டிய தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவாகத்தான் கட்டினான். நேர்கோடாக ஏறாமல் உள்வாங்கி வளைகிற அந்தக் கோட்டில்தான் அழகே இருக்கிறது.

அடுத்த தடவை போனால் தெற்குப் பக்கம் ஆடுகிற நடராஜர் மாடத்தில் நில்லுங்கள். காலடியில் எலும்பும் தோலுமாகக் காரைக்காலம்மையார் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அங்கே நின்றபடி ஹெட்போனில் பொற்சுண்ணத்தைப் போட்டுப் பாருங்கள். சிவபுராணத்தை வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம்.

இளையராஜாமேல் எனக்கு ஒரு குறை உண்டு. திருச்சாழலை அவர் தொடவில்லை. ஒருத்தி "உங்க சாமி ஏன் சாம்பல் பூசிக்கிட்டுத் திரியறார்?" என்று சீண்டுவதும், இன்னொருத்தி விடாமல் பதில் கொடுப்பதுமாக இருபது பாட்டு. ரெண்டு பெண் குரல், ஒரு தாளம் போதும். புடாபெஸ்ட்டுக்குப் போகவே வேண்டாம்.