ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் – கற்பிட்டியிலிருந்து தனியாக

புத்தளம் கரையில் ஒன்லைன் கேம் என்றால் ஃபிரீ ஃபயரும் பப்ஜியும்தான். நாலு பேர் சேர்ந்து, போனில், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும் ஆட்டம். மாதக்கணக்கில் நீளும் எம்.எம்.ஓ. வகை கேம்களைக் கணினியில் ஆடுபவர்கள் இங்கே மிகக் குறைவு. கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள்: லைன் சரியில்லை, கூட ஆட ஆளில்லை. 2011 டிசெம்பர் 20ஆம் திகதி வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ இதில் இரண்டாவது குறையை முழுதாகத் தீர்க்கிறது, முதலாவதைப் பாதி தீர்க்கிறது. கற்பிட்டியில் ஒரு சாதாரண லப்டொப்பையும் 4ஜி ரவுட்டரையும் வைத்துக்கொண்டு, எவரோடும் கூட்டுச் சேராமல், ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிய பிறகு இதை எழுதுகிறேன்.

படங்களில் நாம் பார்த்த காலத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு நடக்கும் கதை இது. பயோவெயார் நிறுவனம் உருவாக்கியது. எட்டு வகைப் பாத்திரங்கள், எட்டும் வேறு வேறு கதைகள். எல்லா உரையாடலுக்கும் குரல் உண்டு. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வசனங்களைப் பதிவு செய்ததற்காகக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்த கேம். குரல்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில்தான். ஆனால் ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் கீழே ஓடும் எழுத்தைக் கொண்டே தாராளமாகச் சமாளிக்கலாம்.

நான் எடுத்தது இம்பீரியல் ஏஜென்ட். பேரரசின் உளவாளி. மற்ற ஏழு பேரிலும் பாதிப்பேர் ஒளிவாளோடு மோதித் தள்ளும்போது, இவருக்கு இருப்பது ஒரு துப்பாக்கியும் வாயும்தான். ஹட்டா கிரகத்தில், ரெட் பிளேட் என்ற கொள்ளைக்காரனின் பெயரில் வேடமிட்டு ஒரு ஹட் தலைவனின் மாளிகைக்குள் நுழைவதிலிருந்து கதை தொடங்குகிறது. உண்மையான ரெட் பிளேட் வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பதைப்பு முதல் மணி நேரத்திலேயே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பேரரசின் தலைநகரக் கிரகமான ட்ரோமண்ட் காஸ், அங்கிருந்து ஈகிள் எனப்படும் பயங்கரவாதியைத் தேடிக் கிரகம் கிரகமாக. இதற்கு மேல் சொன்னால் ஆடப்போகிறவரின் இன்பத்தைக் கெடுத்தவன் ஆவேன். இரண்டாம் அத்தியாயத்தில் வரும் திருப்பத்துக்குப் பிறகு, நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பதிலையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறார்கள். அவ்வளவு துணிச்சலாக எழுதப்பட்ட கேம்கள் அதிகமில்லை.

இந்த கேமைக் கூட்டாக ஆடினால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். குழுவாகப் போகும் பணிகளில் ஒவ்வொருவரும் ஒரு பதிலைத் தேர்வார்கள். யாருடைய பதில் ஒலிக்கும் என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒரு கைதியை விட்டுவிட நான் நினைத்திருப்பேன், கூட வந்தவரின் பகடை பெரிதாக விழுந்தால் கைதி சாவான். நண்பர்களோடு சிரித்துக்கொண்டு ஆட அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு உளவாளியின் மனச்சாட்சி பற்றிய கதைக்கு அது பொருந்தாது. தனியாக ஆடும்போது எவரும் “ஸ்கிப் பண்ணு” என்று அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு பதிலின் முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். இந்த கேமைத் தனியாக ஆடுவதை ஆள் கிடைக்காதவரின் வழி என்று நான் கருதவில்லை. கதைக்கு அதுதான் சரியான வழி.

லைன் விஷயத்துக்கு வருவோம். நமக்குக் கிட்டடியில் சேர்வர் கிடையாது. 2012இல் ஆசிய பசிபிக் பகுதிக்கென்று திறந்த சேர்வர்களை அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். 2023 நவம்பரில்தான் ‘ஷே விஸ்லா’ என்ற சேர்வர் சிட்னியில் வந்தது. கொழும்பிலிருந்து சிட்னி ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் போகும் என்பதால், நேராகக் கேபிள் போட்டிருந்தால்கூடப் போய்வர 90 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரம் வேண்டும். கேபிள் நேராகப் போவதில்லை. 4ஜி கோபுரத்தின் தாமதமும் அதோடு சேரும். சோழகம் வீசும் மாதங்களில் கைட் சர்ஃபிங் ஆட வரும் வெளிநாட்டவரால் கண்டக்குழிப் பக்க விடுதிகள் நிறைந்துவிட்டால், மாலையில் நிலைமை இன்னும் மோசம்.

இந்தத் தாமதத்தோடு குழுவில் சேர்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். கரைவலை இழுக்கையில் ஒருவர் கையை விட்டால் பக்கத்தில் நிற்பவர்தானே அந்தப் பாரத்தையும் சுமக்கிறார்? தனியாக ஆடும்போது பாரம் முழுவதும் துணைப் பாத்திரத்துக்குப் போகிறது. ஏஜென்ட்டுக்கு முதலில் கிடைக்கும் துணை கலியோ. 2015 ஒக்டோபரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு எந்தத் துணையையும் அடி வாங்குபவராகவோ, அடிப்பவராகவோ, மருந்திடுபவராகவோ மாற்றலாம். மருந்திடும் பொறுப்பில் விட்டுவிடுங்கள். திரை ஒரு செக்கன் உறைந்து மீண்டாலும் உயிரோடு நிற்பீர்கள். முன்பு இரண்டு பேர் தேவைப்பட்ட ஹீரோயிக் பணிகளைக்கூட இப்படி முடிக்கலாம். குழுவுக்கென்று செய்த ஃபிளாஷ்பொயின்ட்களில் கதைக்கு அவசியமானவற்றுக்குத் தனி ஆள் முறை இருக்கிறது. அதில் சண்டைக்கு உதவ ஒரு டிரொய்டும் கூடவே வரும். எட்டு பேர், பதினாறு பேர் கூடி ஆடும் ஒப்பரேஷன்களை மறந்துவிட வேண்டியதுதான். ஏஜென்ட் கதைக்கு அவை தேவையும் இல்லை.

இன்னொரு நல்ல ஏற்பாடு. உரையாடல் நடுவில் எஸ்கேப் அழுத்தி வெளியேறினால், அந்த உரையாடல் முதலிலிருந்து தொடங்கும். சொன்ன பதில் பதிவாகாது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இதன் அருமை தெரியும்.

டவுன்லோட் பெரிது, பல பத்து ஜீபி. இரவு டேட்டாவில் பாகம் பாகமாக இறக்குவதே மலிவு. பழைய சுழல்வட்டில் நிறுவினால் கிரகம் மாறும் ஒவ்வொரு முறையும் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம், எஸ்.எஸ்.டி. கட்டாயம். எட்டு மூலக்கதைகளும் முதல் இரண்டு விரிவாக்கங்களும் இலவசம். அதற்குப் பின்வந்த பெரிய கதைகளுக்கு மாதச் சந்தா 14.99 டொலர், நம் காசில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில். ஒரே மாதம் கட்டினால் போதும். சந்தாவை நிறுத்திய பிறகும் அதுவரை வந்த விரிவாக்கங்கள் உங்களுக்கே. மூலக்கதை ஒன்றையாவது முடிக்காமல் அந்தக் காசைக் கட்டவேண்டாம்.

என் மனக்குறை வேறு இடத்தில்: கரண்ட் போனால் தனி ஆட்டமும் நின்றுவிடுகிறது. இங்கே பக்கத்தில் இருக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதும் இந்த கேம் வந்த 2011இல்தான். மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவொட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் அறுந்தபோது மூன்றும் நின்றன. அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு. அப்படியான நேரங்களில் லப்டொப் பற்றரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், கோபுரம் உயிரோடு இருந்தால். குரல், படம், கதை எல்லாம் என் வட்டில் கிடக்கின்றன. என்னோடு ஆடுபவர் எவரும் இல்லை. இருந்தும் சிட்னியிலிருந்து அனுமதி வராமல் கலியோ ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

இது புத்தளத்துக்கு மட்டுமான தொல்லை அல்ல. இந்த கேம் வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்பு, 2011 டிசெம்பர் 15ஆம் திகதி, ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ என்ற இன்னொரு ஒன்லைன் கேமின் சேர்வர்களை நிறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் அதில் வாழ்ந்தவர்களின் வீடுகளும் ஊர்களும் அன்றோடு போயின. ஓல்ட் ரிபப்ளிக்கும் 2023இல் பயோவெயாரிடமிருந்து பிரோட்சோர்ட் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. தனி ஆளுக்கென்று இவ்வளவு வசதி செய்து கொடுத்தவர்கள், சேர்வர் மூடும் நாள் வருவதற்கு முன்பே, எட்டு மூலக்கதைகளையும் இணைப்பில்லாமல் ஆடக்கூடிய ஒரு பதிப்பை வெளியிட வேண்டும். அதற்குப் பணம் கட்ட நான் தயார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஷே விஸ்லா சேர்வரில், ஏஜென்ட்டில் தொடங்குங்கள். இரண்டாவதாக சித் வாரியர்.