நிறத்துக்கு முன்னால் பெயர்

ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளறையில் நடப்பது ஒரே ஒரு காரியம். கூரைமேல் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடி ஒளியைச் செங்குத்தாக இறக்குகிறது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்படிகக் கோளம் அதை வாங்கிக்கொள்கிறது. சுற்றிலும் வெள்ளை. ரோஜர் ஆங்கர் திட்டமிட்டது. 1971இல் அடிக்கல், 2008இல் நிறைவு. மேகம் குறுக்கிட்டால் அந்த ஒளித்தண்டு மங்குகிறது. எனக்கு அது போதும்.

ஆனால் வெளியே, இதழ்களுக்குள் பன்னிரண்டு தியான அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்; கூடவே ஒரு குணத்தின் பெயர்: பணிவு, நன்றி, தைரியம் என்று. இங்கேதான் இடிக்கிறது. பெயர் முந்திக்கொண்டபின் கண்ணுக்கு என்ன வேலை? பக்தருக்கு இது குறையல்ல. பார்க்க வந்தவனுக்குக் குறைதான். கூரையில் துவாரம் வெட்டி வானத்தைக் காட்டுகிற ஜேம்ஸ் டரெலின் அறைகளில் உபதேசம் இல்லை. அவற்றில் சிலவற்றில் உள்ளொளி மாற மாற வானமே நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மையார்குப்பத்தில் தறிவீட்டு ஓடுகளுக்கிடையே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். அதன் கீழே காலையில் அரக்காக இருந்த பாவு மாலையில் பழுப்பு. சாயம் ஒத்துவருகிறதா என்று பார்க்க நெசவாளி நூல் சிட்டத்தை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போவார். சீட்டில் எழுதியிருக்கும் நிறத்தின் பெயரை அவர் படித்து நான் கண்டதில்லை.