இறையிசையும் இசைக்கருவியும்

சென்னைக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வார்க்கு, சாந்தோம் தொடங்கும் இடத்தில் அகில இந்திய வானொலி நிலையம் தென்படும். அதனைக் கடந்து சிறிது நடந்தால், 1896-இல் புதுக்கி எழுப்பப்பெற்ற தோமையார் பேராலயத்தின் வெண்கோபுரம் காட்சி தரும். மேற்கே நடைதொலைவில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் உள்ளது. ஓரிடத்தில் ஆலயமணி, ஓரிடத்தில் நாகசுரம், ஓரிடத்தில் வானலை. இம்மூன்றுக்கும் நடுவே நின்று எண்ணிப் பார்ப்பார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. இறைவனைப் பாடுதற்கு உரிய கருவி எது? அதனை உரியதாக்குவது யாது?

இவ்வினா நமக்குத் தொடர்பில்லாதது என்று எவரும் ஒதுக்க வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமையாரின் அடக்கவிடத்தைக் கிறித்தவரேயன்றி முஸ்லிம்களும் மதித்து வந்தனர் என்றும், அவரை அவர்கள் ‘அவாரியன்’ என வழங்கினர் என்றும் குறித்துள்ளார். அரபு கற்றார்க்கு இச்சொல்லின் மூலம் எளிதில் புலப்படும். ஈஸா நபி (அலை) அவர்களின் தோழர்களைத் திருக்குர்ஆன் ‘ஹவாரிய்யூன்’ என்று அழைக்கின்றது. அவருள் ஒருவர் ‘ஹவாரீ’. அச்சொல்லே வெனிஸ் நகரத்தாரின் நாவில் திரிந்து ‘அவாரியன்’ ஆயிற்றென்று அந்நூலை ஆராய்ந்த அறிஞரும் கருதுவர். ஆகவே, சாந்தோமின் ஓசைகளை நம் முன்னோர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே செவியேற்றவர்கள். அவற்றைப் பற்றி நாமும் ஒரு சொல் சொல்லலாம்.

கிறித்தவ வழிபாட்டுணர்வையும் இந்நாட்டு இசைக்கருவிகளையும் ஒருங்கே வைத்துச் சிந்தித்த தமிழருள் தலையாயவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்து, ஆசிரியராகத் தொடங்கி, பின்னர்ச் சித்த மருத்துவராகத் தஞ்சையிற் புகழ்பெற்றவர். சுருளிமலையில் தமக்கு மருந்தறிவு தந்த கருணானந்த முனிவரின் பெயரை நினைவிற்கொண்டே தம் நூலுக்குக் ‘கருணாமிர்த சாகரம்’ எனப் பெயரிட்டார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டுதற்குச் செலவிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டிற்குத் தம் புதல்வியரையும் அழைத்துச் சென்று தம் கொள்கையை இசைத்துக்காட்டச் செய்தார். மறு ஆண்டு, 1917-இல், அப்பெருநூல் வெளிவந்தது.

அந்நூலின் நடுவான வாதம் சுருதிக் கணக்கேயாகும். ஒரு தாயியில் 22 சுருதிகள் என்னும் சார்ங்கதேவரின் கணக்கை மறுத்து, பழந்தமிழ் நூல்களின் துணைகொண்டு, சம அளவான 24 சுருதிகளே உள்ளன என்று அவர் நிறுவ முயன்றார். அவரது உழைப்பு வியப்புக்குரியது. சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளை வெறும் உரைப்பொருளாக விடாமல், வீணைத் தந்தியின்மேல் வைத்து அளந்து பார்த்தவர் அவர். தேவாலயத்திற்குச் செல்பவனுக்கு வீணை அயலானதன்று என்பதைத் தம் வாழ்வாலேயே காட்டினார். 1907-இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’, தம் சமயப் பொருளமைந்த உருப்படிகளைக் கருநாடக இராகங்களில் அமைத்து மாணவர்க்குத் தந்தது. ஈண்டு அவருக்கு நாம் செலுத்த வேண்டிய பாராட்டில் குறை வைக்கலாகாது.

ஆயினும் இரண்டிடங்களில் அவரோடு நாம் உடன்பட இயலவில்லை. முதலாவது, எண்ணின்மேல் அவர் வைத்த நம்பிக்கை. அவருக்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், லெபனான் நாட்டு மீகாயீல் மிஷாக்கா அரபிசையின் தாயியை 24 சமக் கூறுகளாகப் பகுத்து எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இருவர், இரு மொழியில், ஒரே எண்ணை அடைந்தனர். ஆனால் 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபிசை மாநாட்டில் இச்சமப் பகுப்பே பெரும் பூசலுக்கு இடமாயிற்று. தேர்ந்த இசைவாணரின் செவி, ஏட்டிலுள்ள சமக் கோட்டிற்குள் நிற்க மறுத்தது. இந்நாட்டிலும் நிலை அதுவே. ஒரே சுரம் தோடியில் ஒருவகையாகவும் பிறிதோர் இராகத்தில் வேறுவகையாகவும் அசைவதைக் கேட்டவர், அதனை அளவுகோலால் அடைக்க முடியாதென்று உணர்வர். கணக்கு இசைக்குத் துணையாகலாம். தலைமை தாங்க முடியாது.

இரண்டாவது, பழமையைப் பற்றியது. கடல்கொண்ட குமரிநாடு, முதற்சங்கம், பிரளயம் என்று பின்னோக்கிச் சென்று, தமிழிசையின் தொன்மையையே அதன் உயர்வுக்கு அடிப்படையாகப் பண்டிதர் நாட்டுகின்றார். தொன்மை பெருமை தரும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் ஒரு கருவி பழமையானது என்பதாலோ நம் நாட்டது என்பதாலோ இறைவழிபாட்டிற்குத் தகுதி பெற்றுவிடுமா? இவ்விடத்தில்தான் வினா கூர்மையடைகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபை இவ்வினாவிற்கு விடை கூறிய வரலாறு கற்கத்தக்கது. 1903-இல் பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணை, பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளையும் ஆலயத்தினின்று விலக்கியது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழல் ஆர்கனுக்கு முதன்மை அளித்துக்கொண்டே, வழிபாட்டிற்குத் தக்கன என்று கருதப்படும் பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. 1967-ஆம் ஆண்டு நெறியுரை, அந்தந்த மக்களின் பண்பாட்டை நோக்குமாறு கூறிவிட்டு, பொது வழக்கில் உலகியல் இசைக்கே உரியதென்று கருதப்படும் கருவியை அறவே விலக்க வேண்டும் என்றது. தமிழில் வழிபாடு நிகழத் தொடங்கியபின் ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் மிருதங்கமும் ஆலயத்துள் இடம்பெற்றது இத்திறப்பின் வழியேயாம்.

இனி நம் இமாம்களின் நூல்களைத் திறப்போம். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ‘ஸமாஃ’ எனப்படும் இசைகேட்டல் பற்றித் தனிப்பகுதி வகுத்துள்ளார்கள். நரம்புக் கருவிகளையும் குழல்களையும் அவர்கள் விலக்குகின்றார்கள்; தஃபையும் முரசையும் அனுமதிக்கின்றார்கள். விலக்குதற்கு அவர்கள் கூறும் காரணம் நுட்பமானது. இனிமை என்பதால் அவை விலக்கப்படவில்லை. இனிமை விலக்காயின் குயிலின் குரலும் விலக்காக வேண்டும். மதுவருந்துவாரின் கூட்டத்தை அக்கருவிகள் நினைவூட்டுகின்றன, அக்கூட்டத்தின் அடையாளமாக நிற்கின்றன என்பதே காரணம்.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்குக. உரோமையில் 1903-இல் விலக்கப்பட்ட முரசு, இமாமவர்களிடம் அனுமதி பெறுகின்றது. திருச்சபை பொறுத்துக்கொண்ட நரம்புக் கருவி, இமாமவர்களிடம் தடைபடுகின்றது. பட்டியல்கள் தலைகீழாக இருப்பினும் காரணம் ஒன்றே: கருவி எந்தக் கூட்டத்தை உடன் அழைத்துக்கொண்டு வருகின்றது என்பது. மரமும் தோலும் நரம்பும் தம்மளவில் குற்றமோ புனிதமோ உடையன அல்ல. இங்கு நாம் ஃபத்வா வழங்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான சட்டமேதைகள் நரம்பையும் குழலையும் விலக்கியதும், ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்மு அவர்கள் அதனை மறுத்ததும் கற்றோர் அறிந்தவை. காரணத்தைப் புரிந்துகொள்வதே ஈண்டு நம் நோக்கம்.

இக்காரணத்தை மனத்திற்கொண்டு நோக்கினால், ‘நம் நாட்டுக் கருவி’, ‘அயல்நாட்டுக் கருவி’ என்னும் பூசல் எத்துணை மேலோட்டமானது என்பது விளங்கும். வயலினை எடுத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில், புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்த ஐரோப்பியரிடம் அதனைக் கற்றார். இன்று வயலின் இல்லாத கருநாடகக் கச்சேரி அரிது. ஆர்மோனியத்திற்கோ வேறு விதி வாய்த்தது. இந்நாட்டுச் சுருதிக்கும் கமகத்திற்கும் அது ஒவ்வாது என்று கூறி, 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது; 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. அத்தடை நின்ற காலமெல்லாம் தேவாலயத்திலும் பஜனை மடத்திலும் மீலாது மேடையிலும் அதுவே ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டும் அயல்நாட்டவையே. ஒன்று மண்ணின் வழக்கத்திற்கு வளைந்து கொடுத்தது. மற்றொன்று மக்களின் எளிய தேவைக்கு உதவியது.

நம் சமுதாயத்திற்கு இன்னும் நெருங்கிய சான்று ஷேக் சின்ன மௌலானா சாகிபு (1924–1999). ஆந்திரக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் இசைத்த முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரரிடம் தஞ்சைப் பாணியைப் பயின்றவர். திருவரங்கத்திற் குடியேறி, 1982-இல் அங்கு நாகசுரப் பள்ளி நிறுவியவர். 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ விருது அளித்தது. அவரைப் பற்றிப் பேசுவோர் இருவகையினர். கோயில் வாத்தியம் என்று முகம் சுளிப்போர் ஒருவகை. ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று மேடையில் முழங்கிவிட்டு அத்துடன் மறந்துவிடுவோர் மற்றொருவகை. இருவருமே அவர் இராக ஆலாபனையைச் செவிகொடுத்துக் கேட்டவரல்லர். கலைஞரைப் போற்றுவது ஒன்று. அவர் கருவியை வழிபாட்டிற் சேர்ப்பது வேறொன்று. முன்னதற்கு இசையறிவு போதும். பின்னதற்கு அக்கருவி எவ்விடத்து நினைவைச் சுமந்து வருகின்றது என்னும் தெளிவு வேண்டும்.

நம் வழிபாட்டின் நடுவிடத்தில் கருவிக்கு இடமில்லை. குரலே அங்கு அனைத்துமாகின்றது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஓதியதைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூது நபியின் குடும்பத்துக் குழலிசைக்கு அக்குரலை ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். பெருநாளன்று சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, விட்டுவிடுமாறு கூறியவர்களும் நாயகமவர்களே. குரலின் இந்தச் செல்வத்தைத் தமிழ் முஸ்லிம்கள் பேணி வந்தனர். சுப்ஹான மௌலிது, புர்தா, முனாஜாத்து, கிஸ்ஸா, குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள், இராக தாளம் குறித்த நம் புலவர்களின் கீர்த்தனைகள், பக்கீர்களின் தாயிரா ஒலி என்று அச்செல்வம் விரியும்.

இன்று அதற்கு நேர்ந்துள்ள கேடு ஆர்மோனியத்தாலும் வீணையாலும் வந்ததன்று. திரைப்பட மெட்டால் வந்தது. நாயகமவர்களின் புகழைத் தாங்கிய சொற்களைக் காதற்பாட்டின் மெட்டில் ஏற்றிப் பாடும் பழக்கம் நம்மிடத்தும் உண்டு. கிறித்தவ அன்பரிடத்தும் உண்டு. ‘முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதப் பாடல் இயற்றவில்லையா? ஆங்கில அரசரின் வாழ்த்துப்பா மெட்டையே எடுத்தாளவில்லையா?’ என்று சிலர் கேட்பர். உண்மையே. ஆனால் அவர் பாடலைப் பாடிய மாணவர் நெஞ்சில் அந்த ஆங்கிலச் சொற்கள் குடியிருக்கவில்லை. மெட்டு தனியாகவே வந்தது. திரைமெட்டோ தன் பழைய சொற்களையும் காட்சியையும் கையோடு கூட்டிக்கொண்டே வருகின்றது. இமாமவர்கள் அஞ்சிய ‘கூட்டம்’ இதுவேயன்றோ!

ஆகவே நம் குடும்பத்தார்க்கு ஓர் எளிய சோதனையைக் கூறுகின்றோம். புதியதோர் இஸ்லாமியப் பாடல் கைப்பேசி வழியாகவோ மேடை வழியாகவோ வீட்டிற்கு வந்தால், சொற்களை நீக்கி, மெட்டை மட்டும் பிள்ளைகளின் முன் முணுமுணுத்துப் பாருங்கள். பிள்ளையின் வாயில் சலவாத்து வந்தால் அப்பாட்டு நம்முடையது. நடிகனின் பெயர் வந்தால், அது எத்துணைப் பக்தியோடு எழுதப்பட்டதாயினும் திருப்பி அனுப்பத்தக்கதே. அதனுடன், நம் இல்லங்களில் முனாஜாத்து ஓதத் தெரிந்த பெரியம்மாவோ பாட்டியோ இருப்பின், அவர்களின் இராகத்தைப் பிள்ளைகள் இவ்வாண்டே கற்றுக்கொள்ளட்டும். ஆபிரகாம் பண்டிதர் தம் ஈட்டத்தை இசைக்குச் செலவிட்டார். நாம் மாலையில் ஒரு மணி நேரத்தைச் செலவிடலாகாதா? வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.