சரித்திர நூல்களும் சம்பந்தர் காலமும்

பல தேயத்து மக்கள் வரலாறுகளை ஒருங்கு கற்றல் அறிவை விரிக்கும். ஆயின், ஒரு தேயத்தார் குறித்துவைத்த செய்தியைக் கொண்டு பிறிதொரு தேயத்தார் சமய வரலாற்றை அறுதியிடப் புகுவார்க்கு அளவைநூன்முறை பெரிதும் வேண்டப்படும். அம்முறை வழுவியதனால் விளைந்த பெரும்பிழை, கால்டுவெல் பாதிரியார் திருஞானசம்பந்தர்க்கு வகுத்த காலம்.

மேற்குத்தொடர்ச்சி மலையடியிலே, பெரியாற்றணை கோவிலாற்றணைகளாற் பெயர்பெற்ற பிளவக்கல் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சார்ந்தது. அந்நிலப்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தினதாயினும், 1910-இல் இராமநாதபுர மாவட்டம் வகுக்கப்படுமளவும் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆகவே 1881-இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் அப்பகுதியார்க்கும் தம் நாட்டு நூலேயாம். யவன நிலநூலார், வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, போர்த்துக்கீசர் முதலியோர் குறிப்புக்களைத் தேடித் தொகுத்த உழைப்பும், கொற்கையை அகழ்ந்து பார்த்த ஆர்வமும் பாராட்டற்பாலன. அத்தகையார், தமது ஒப்பிலக்கண முன்னுரையில் ஆசாரியர் காலம் ஆராயப் புகுந்துழி இடறினார்.

கூன் நிமிர்ந்த பாண்டியன் சுந்தரபாண்டியன் எனவும் வழங்கப்பட்டான், கி. பி. 1292-ஐ அடுத்துப் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ 'சேந்தர் பாண்டி' என ஓரரசனைக் குறித்தார். ஆகலின் இருவரும் ஒருவரே என்பது அவர் துணிபு. இவ்வனுமானத்திற்கு ஏது பெயரொப்புமை ஒன்றே. சுந்தரபாண்டியர் என்பார் பலர். 1216-இல் முடிசூடிய மாறவர்மனும், 1251-இல் முடிசூடிய சடாவர்மனும் அப்பெயரினரே. சபக்கத்தும் விபக்கத்தும் ஒப்பச் செல்லும் ஏது அநைகாந்திகம் என்பதைச் சித்தியார் அளவை பயின்ற இளமாணாக்கனும் அறிவன்.

இக்கொள்கையை ஏற்பின் விளையும் இடர்ப்பாட்டை நோக்குக. உமாபதி சிவம் அருளிய சங்கற்ப நிராகரணம் தன் காலத்தைத் தானே சகம் 1235, அஃதாவது கி. பி. 1313, எனக் கூறுகின்றது. 1292-க்கும் 1313-க்கும் இடையே உள்ளன இருபத்தோராண்டுகளே. சம்பந்தரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றிய சுந்தரர், அத்தொகையை வகைசெய்த நம்பியாண்டார் நம்பி, விரித்த சேக்கிழார், பின்வந்த மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர் ஆகிய அனைவரும் இச்சிற்றெல்லைக்குள் அடங்குதல் யாங்ஙனம்? சேக்கிழாரோ பன்னிரண்டாம் நூற்றாண்டினர். தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய நாற்பத்தெண்மரை முதல் இராசராசன் நியமித்த செய்தி பதினொன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கல்லிலேயே உளது. பிறவாதார் பாட்டை முந்நூறாண்டு முன்னரே பாடினர் போலும்!

சரித்திரம் வேண்டுவார்க்குத் திருமுறையே வழிகாட்டுகின்றது. திருச்செங்காட்டங்குடிப் பதிகத்துள் சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பெயர்சுட்டிப் பாடினார். அவர் படைத்தலைவராய் வாதாபியை அழித்தமையைச் சேக்கிழார் கூறினார். பல்லவ நரசிங்கவர்மன் வாதாபியைக் கைக்கொண்டது 642-ஐ அடுத்தாம். இவ்வியைபைக் கல்வெட்டறிஞர் வெங்கையா எடுத்துக்காட்டினார். சீனத்து யுவான் சுவாங் 640-ஐ அடுத்துக் காஞ்சிக்கு வந்த குறிப்பும் இதனோடு முரணாது. பாண்டியன் திறத்தும் இங்ஙனமே. தொண்டத்தொகை நெடுமாறனுக்கு நெல்வேலி வெற்றியை அடைமொழியாக்கிற்று. எட்டாம் நூற்றாண்டினதாகிய வேள்விக்குடிச் செப்பேடு அரிகேசரி மாறவர்மனை நெல்வேலிப் போர் வென்றவனாகக் கூறுகின்றது. இங்கே பெயரொடு செயலும் களமும் காலமும் ஒத்தன.

செப்பேட்டைக் காணாமை கால்டுவெல் குற்றமன்று. அது வெளிவந்தது அவர் 1891-இல் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னர். தொண்டத்தொகையோ அவர் காலத்தே ஊர்தோறும் ஓதப்பட்டது. அயலான் குறிப்பைச் சான்றென்றும் அகச்சான்றைக் கட்டுக்கதையென்றும் கொண்டதே குற்றம். மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளை, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவரல்லர் என நிறுவி 1895-இல் ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டார். சைவவுலகம் அவர்க்குச் செலுத்திய நன்றி சிறிதே.

இவ்வேதுப்போலி பாதிரியார்க்கே உரியதெனல் வேண்டா. திருக்கோவையாரில் வரகுணன் பெயர் வருதல்பற்றி மணிவாசகர் காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டென முடித்தாரும், அவ்வரகுணன் வேறு எனக்கொண்டு அதனின் மிக முற்படச் செலுத்தினாரும் தமிழறிஞரே. மறைமலையடிகள் தமது நூலில் மூன்றாம் நூற்றாண்டு என்றார். செப்பேடு கல்வெட்டுக்களால் அறியப்பட்ட வரகுணரே இருவர் உளராதலின், கோவையார் குறித்தவன் இன்னான் என்பது பெயரளவிற் பெறப்படுமாறில்லை. நெடுமாறனுக்கு நெல்வேலி வாய்த்தாற்போல ஒரு களமோ செயலோ அவ்வரகுணனுக்குக் காட்டப்படுதல் வேண்டும்.