கேலரி பாடும் மெட்டு யாருடையது?

2003 அக்டோபர் 22, மிலான் நகரின் சான் சீரோ மைதானம். சாம்பியன்ஸ் லீக்கின் நடப்பு சாம்பியன் ஏசி மிலானை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று சாய்த்தது பெல்ஜியத்தின் கிளப் புரூக். பெரு நாட்டு வீரர் அந்த்ரேஸ் மெண்டோசா அடித்த ஒரே கோல். ஆட்டத்துக்கு முன் மிலானின் மதுக்கடை ஒன்றில் கேட்ட ராக் பாட்டின் கிதார் மெட்டை புரூக் ரசிகர்கள் மைதானத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு வரிகள் உண்டு. அவற்றை யாரும் பாடவில்லை. கிதார் வாசித்ததைத் தொண்டையால் வாசித்தார்கள்.

பாட்டு 'செவன் நேஷன் ஆர்மி'. டெட்ராய்ட்டின் ஜாக் ஒயிட், மெக் ஒயிட் என்ற இருவர் மட்டுமே கொண்ட 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' குழு, 2003-இல் 'எலிஃபன்ட்' ஆல்பத்தில் வெளியிட்டது. 2006 பிப்ரவரியில் யூஈஎஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்காக புரூக் போன ரோமா அணி, 2-1 என்ற வெற்றியோடு இந்த மெட்டையும் இத்தாலிக்கு எடுத்துப் போனது. அதே ஆண்டு ஜூலையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நாடு முழுக்கத் தெருக்களில் 'போ போ போ' என்று கேட்டது இதுதான். 2008 யூரோ, 2018 உலகக் கோப்பை என்று வீரர்கள் களமிறங்கும் இசையாகவே பின்னர் ஆகிவிட்டது.

இந்த மெட்டு ஆஸ்திரிய இசைமேதை அன்டோன் புரூக்னரின் 5-வது சிம்பொனியில் இருக்கிறது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. முதல் பகுதியின் முக்கிய மெட்டைத்தான் காட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பலமுறை கேட்டேன். சாயல் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பதை நான் ஏற்கவில்லை.

முதலில் ஸ்வரங்களைப் பார்ப்போம். நம் கணக்கில் கிதார் மெட்டு ச, ச, க, ச, நி, த, ப. எல்லாம் நடபைரவியில் வருகிற ஸ்வரங்கள். ஒருமுறை காந்தாரத்தைத் தொட்டுவிட்டு, ஷட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்குப் படிப்படியாக இறங்குகிறது. இந்த நான்கு படி இறக்கம் புரூக்னருக்கே சொந்தமானதல்ல. 1638-இல் அச்சான மொன்டவெர்டியின் 'லமென்டோ டெல்லா நின்ஃபா'வில் நாயகி அழும் பகுதி முழுக்கக் கீழ்க்குரல் ச-நி-த-ப என்று திரும்பத் திரும்ப இறங்குகிறது. ஐரோப்பிய இசையில் துக்கத்தின் அடையாளமாகவே நின்ற இறக்கம் இது. 1875-இல் சிம்பொனியைத் தொடங்கிய புரூக்னருக்கே இது பழைய சொத்து. பொதுக் கிணற்றில் இருவர் நீர் மொண்டால், பின்னால் வந்தவர் முன்னவரின் குடத்திலிருந்து எடுத்தார் என்று சொல்லலாமா?

இரண்டாவது தாளம். உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது. தொடையில் எட்டு அடி தட்டிக்கொண்டு மெட்டைப் பாடிப் பாருங்கள். முதல் ஸ்வரம் ஒன்றில் விழுந்து நீள்கிறது. இரண்டாவது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, அடி தள்ளி வெட்டுகிறது. அடுத்த மூன்று ஸ்வரங்கள் மூன்று, நான்கு என்ற இரண்டு அடிகளுக்குள் நெருக்கியடித்து இறங்குகின்றன. கடைசி இரண்டும் ஆளுக்கு இரண்டு அடி கார்வை. புரூக்னரில் இந்த நடை இல்லை. அவருடைய மெட்டு ஓரிடத்தில் நிற்பதுமில்லை. சுருதி மாறி, வாத்தியம் மாறி வளர்ந்து, இறுதிப் பகுதியிலும் திரும்பி வந்து பிற மெட்டுகளோடு பின்னிக்கொள்கிறது. கிதார் மெட்டோ நின்ற இடத்திலேயே நின்று அறைகிறது.

கேலரிக்கு வேண்டியதும் அதுதான். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவர் குரல் நூறு மீட்டர் தள்ளி இருப்பவரை எட்டக் கால் நொடிக்கும் மேல் ஆகும். வேகமான பாட்டு என்றால் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடும். இங்கே கடைசி இரண்டு கார்வைகளில் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள், மூச்சும் வாங்கிக்கொள்கிறார்கள், அடுத்த சுற்றை ஒன்றாக எடுக்கிறார்கள். மேல் காந்தாரத்துக்கும் கீழ்ப் பஞ்சமத்துக்கும் இடையே எட்டே அரைச்சுரம். பாட்டே வராதவருக்கும் எட்டுகிற தூரம்.

இந்த மெட்டு பிறந்த இடமும் தெரிந்ததுதான். 2002 ஜனவரி, மெல்போர்னின் கார்னர் ஹோட்டல், கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனை. ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இசையமைக்க அழைத்தால் கொடுக்கலாம் என்று ஜாக் ஒயிட் முதலில் எடுத்துவைத்திருந்தார். ஒலிப்பதிவில் பேஸ் கிதார் போல முழங்குவது சாதாரண கிதார். மிதிபலகை ஒன்றால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார்.

புரூக்னர் பெயரை இழுப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. ராக் பாட்டுக்குப் பெருமை சேர்க்க ஒரு சிம்பொனியைச் சான்றிதழாக ஒட்டுகிறார்கள். அந்த சிம்பொனியின் கதையோ மனதைப் பிசைவது. 1894 ஏப்ரலில் கிராட்ஸ் நகரில் அது முதன்முதலாக அரங்கேறியபோது உடல் நலிந்திருந்த புரூக்னரால் போக முடியவில்லை. ஆர்கெஸ்ட்ரா வாசித்து அதை ஒருமுறைகூடக் கேட்காமலே 1896-இல் இறந்தார். அதை அதற்காகவே, முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஜாக் ஒயிட்டின் வேரைத் தேடுவதானால் வியன்னா பக்கம் போக வேண்டியதில்லை, மிசிசிப்பிக்குப் போக வேண்டும். 2000-இல் வந்த 'டி ஸ்டைல்' ஆல்பத்திலேயே சன் ஹவுஸ் என்ற புளூஸ் கலைஞரின் பாட்டைப் பாடியவர் அவர். 'இட் மைட் கெட் லவுட்' ஆவணப்படத்தில், தனக்கு மிகப் பிடித்த பாட்டு என்று அவர் இசைத்தட்டில் போட்டுக் காட்டுவதும் சன் ஹவுஸ் பாடியதுதான். அதில் கிதார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஒரு முதியவரின் குரலும் அவர் கை தட்டும் சத்தமும் மட்டும்.

சான் சீரோவில் புரூக் ரசிகர்களிடம் அன்று இருந்ததும் அந்த இரண்டுதான்.