பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்கு: மூன்று வழிகளையும் முயன்று பார்த்தோம்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் தங்கைக்குக் கிடைத்த லேப்டாப் அது. 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி போய்விட்டது; வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கல்லூரியில் படித்தபோது செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் திருவிழாவில் அவள் எடுத்த படங்கள், கூத்துக் கலைஞர்களின் பேச்சுப் பதிவுகள், தட்டச்சு செய்த குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மொத்தம் 140 ஜிபி. அப்போது வேறு பிரதி இருக்கவில்லை. விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப் வீட்டுக்கு வந்ததும், இவற்றை மாற்ற மூன்று வழிகளைச் சோதித்தோம்.

கிளவுடு

கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி. பணம் கட்டி இடம் வாங்கினாலும், நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் 140 ஜிபியை ஏற்ற 70 நாள் ஆகும். சான்றிதழ், பத்திர நகல் போன்ற சிறிய கோப்புகளுக்கு இது நல்ல வழி. அதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

பென் டிரைவ்

பழைய லேப்டாப்பில் இருப்பது யுஎஸ்பி 2.0. நொடிக்கு 30 எம்பிக்கு மேல் ஏறவில்லை. விடிய விடிய ஆடிய கூத்தின் ஒரு வீடியோ ஏறவே மறுத்தது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிய பிறகு ஏறியது. நடுவில் கரண்ட் போனதும் லேப்டாப் அணைந்து, ஒரு பதிவு அரைகுறையாக நின்றது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஹார்டு டிஸ்க் கேசிங்

எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி 3.0 கேசிங்கில் போட்டுப் புதிய லேப்டாப்பில் சொருகினோம். கேசிங் விலை சில நூறு ரூபாய்தான். புதிய லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் பயமில்லை. பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும்; தொடரலாம் என்று கொடுத்துச் சற்றுக் காத்திருந்தால் திறந்துவிடும்.

காப்பி செய்ய, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினோம். எந்தக் கோப்பு வரவில்லை என்று முடிவில் கணக்குக் காட்டும். ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் 30 நொடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயல்வதுதான் அதன் இயல்பு. மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 நொடி என்று மாற்றிக்கொண்டோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

வந்தது, ஆனால் படிக்க முடியவில்லை

கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் இரண்டு பக்கமும் சரியாக இருந்தன. ஆனால் தங்கையின் குறிப்புகளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. அவள் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். புதிய லேப்டாப்பில் பாமினி இல்லை. பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து அதை எடுத்து நிறுவியதும் தமிழ் திரும்பியது. பிறகு என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் பாமினியில் அடித்த கோயில் அழைப்பிதழ்களும் ஆய்வேடுகளும் வீடுகளில் நிறையவே கிடக்கின்றன. கோப்பை மட்டும் மாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால் அவை ஊமையாகிவிடும்.

புதிய லேப்டாப்பில் இன்னொரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தீர்ப்பு

பழைய லேப்டாப்பைத் திறக்க முடியுமென்றால் கேசிங்தான் சிறந்தது. முடியாதவர்களுக்கு யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க். எந்த வழியானாலும் எண்ணிக்கையைப் பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில கோப்புகளையாவது திறந்து படியுங்கள், கேளுங்கள். அதுவரை பழைய டிஸ்கை அழிக்கவோ விற்கவோ வேண்டாம். எங்கள் டிஸ்க் இப்போது தேதி எழுதி ஒட்டிய உறைக்குள், இரண்டாவது பிரதியாகப் பீரோவில் இருக்கிறது.